பாலில் பிறந்த பந்து

கேகாலை மாவட்டத்தில், எட்டியாந்தோட்டையைச் சூழ்ந்த றப்பர்த் தோட்டங்களுள் ஒன்றில் பிறந்து, சூரியோதயத்துக்கு முன்னரே பட்டையில் கத்தி பட்டுச் சிரட்டைக்குள் பால் சொட்டுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, கோல்ஃப் என்னும் சீமை விளையாட்டின்மீது இத்தனை அபிமானம் எவ்வாறு உண்டாயிற்று என்று நண்பர்கள் வியப்பதுண்டு. அவ்விளையாட்டினுள் நான் புகுந்த வாசல் அதன் பந்துதான். அதுவும், கத்தியால் அறுத்துத் திறக்கப்பட்ட ஒரு பழைய பந்து.

என் தாய்மாமன் நுவரெலியாவில் கோல்ஃப் ஆடும் துரைமாருக்குப் பை சுமக்கும் கேடியாக வேலை பார்த்தவர். ஒரு தீபாவளிக்கு எங்கள் லயத்துக்கு வந்தபோது, இரும்பு மட்டையின் விளிம்பு பட்டு உதடு பிளந்ததுபோல் வாய்திறந்து கிடந்த பந்து ஒன்றை எனக்கு விளையாட்டுச் சாமானாகக் கொண்டு வந்தார். தோட்டத்து றப்பர் ஸ்டோரில் வேலை செய்த என் தகப்பனார் அதை வாங்கிக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, பால்வெட்டும் கத்தியை எடுத்து, மரத்தின் பட்டையைக் காயப்படுத்தாமல் சீவுகின்ற அதே பதனத்துடன், மேலுறையை வட்டமாகக் கீறி உரித்தார். உள்ளே மஞ்சள் பாரித்த றப்பர் நூல், தையல் நூலைக் காட்டிலும் சற்றுப் பட்டையாக, குறுக்கும் நெடுக்குமாக ஆயிரம் சுற்றுச் சுற்றிக் கிடந்தது. கத்தி முனையால் ஓரிடத்தில் தொட்டதுதான் தாமதம். இழை அறுந்து, நெளிந்து, துள்ளி, பந்தே உயிர்பெற்றதுபோல் அவர் உள்ளங்கையில் சுழலத் தொடங்கிற்று. அறுந்த நூலில் ஒரு சாணை எடுத்து, "கண்ணை மூடிக்க" என்று சொல்லி, அதைச் சடாரென்று இழுத்து என் உதட்டில் வைத்தார். சுட்டது. இழுத்தபடியே சிறிது நேரம் வைத்திருந்து, பிறகு தளரவிட்டு மறுபடியும் வைத்தார். குளிர்ந்தது. "நல்ல பாலு" என்றார் என் தகப்பனார்.

இழுபடும்போது றப்பர் சூடேறும், சுருங்கும்போது குளிரும் என்னும் இவ்வுண்மையை, இங்கிலாந்தின் கெண்டல் நகரத்தில் வாழ்ந்த ஜோன் கோஃப் என்ற கண்பார்வையற்ற அறிஞர் 1805-ஆம் ஆண்டிலே, அதே விதமாக உதட்டின் ஸ்பரிசத்தினால்தான் கண்டறிந்தார் என்பதைப் பல வருஷங்களுக்குப் பின்னர் நான் படித்தபோது, ஸ்டோரின் புகை மணம் வீசும் என் தகப்பனாரின் விரல்கள் மறுபடியும் என் உதட்டைத் தொட்டன. பந்தைத் தெரிந்தெடுப்பதில் கண்ணுக்குள்ள அதிகாரம் மிகவும் சொற்பம் என்னும் என் அபிப்பிராயத்துக்கு அன்றே அஸ்திவாரம் விழுந்துவிட்டது.

ஆதியில் இப்பந்துக்கும் பாலுக்கும் சம்பந்தமே இல்லை. தொப்பி நிறைய வாத்தின் இறகுகளை வேகவைத்து, தோற்பைக்குள் இடித்துத் திணித்துத் தைத்த பந்தே ஸ்கொட்லாந்தில் வழங்கிற்று. கை தேர்ந்த வினைஞரும் நாளொன்றுக்கு மூன்று நான்குக்கு மேல் செய்ய இயலாமையால், அது செல்வந்தரின் பந்தாகவே இருந்தது. 1848-ஆம் ஆண்டையொட்டி மலாய் நாட்டு மரமொன்றின் பாலிலிருந்து உறையும் குட்டாபர்ச்சா என்னும் பிசின் இறகுப்பந்தின் செல்வாக்கை அழித்தது. வெந்நீரில் இளக்கி, கையால் உருட்டி, ஆறவிட்டால் பந்து ஆயிற்று. சிங்கப்பூரிலிருந்து பாதிரியார் ஒருவருக்கு அனுப்பப்பட்ட மகாவிஷ்ணுவின் விக்கிரகம் உடையாதிருக்க அதைச் சுற்றி அடைத்திருந்த பிசினிலிருந்தே முதற் பந்து உருட்டப்பட்டது என்று ஒரு கர்ணபரம்பரைக் கதை ஸ்கொட்லாந்தில் உண்டு. சரித்திரத்தின் உரைகல்லில் அது எவ்வாறு தேறினும், காக்கும் கடவுளின் திருமேனியைக் காத்து வந்த பால் பின்னர் உலகத்தையே ஓடவைத்தது என்னும் கற்பனை என் மனத்துக்கு உகந்தது. இப்புதுப் பந்தின் நிமித்தமாகவே, சென்ற் அன்ட்ரூஸ் நகரில் இறகுப்பந்து செய்துவந்த அலன் ரொபர்ட்சனுக்கும், அவரிடம் தொழில் பயின்ற டொம் மொறிஸுக்கும் மனஸ்தாபம் மூண்டு, இருவரும் பிரிய நேர்ந்தது.

அந்தக் குட்டாபர்ச்சா மரம் நமக்கு அந்நியமன்று. அதே பேரினத்தைச் சேர்ந்த மரங்கள் நம் சப்ரகமுவ மாகாணத்துச் சிங்கராஜ வனத்தில் நிற்கின்றன. நம் இலுப்பையும் மகிழும் அதன் குடும்பத்தவையே. பிற்காலத்துப் பந்துகளுக்கு உறையாக வாய்த்த பலாட்டா என்னும் தென்னமெரிக்கப் பிசினைத் தந்த மரமோ, வன்னிக் காடுகளிலிருந்து பழம் பொறுக்கி வந்து சந்தையில் விற்கிறார்களே, அந்தப் பாலை மரத்துக்கு உடன்பிறந்த இனம். இன்னும் அதிசயம் என்னவென்றால், இப்பிசின்களும் நம் தோட்டத்து றப்பரும் ஐசோபிரீன் என்னும் ஒரே கண்ணியைக் கோத்த சங்கிலிகளாம். கண்ணிகள் ஒன்றோடொன்று திரும்பியிருக்கும் விதத்தில் மட்டுமே வேறுபாடு. அந்தத் திருப்பத்தினாலேயே ஒன்று மாட்டுத்தோலைப்போல் விறைத்து நிற்க, மற்றொன்று இழுத்த இழுப்புக்கெல்லாம் நீண்டு திரும்புகிறது.

குட்டாபர்ச்சாப் பந்தை ஆடியவர்கள் ஒரு விநோதத்தைக் கண்டனர். வழவழவென்ற புதுப் பந்து காற்றில் தடுமாறி வீழ, அடிபட்டு வடுப்பட்ட பழம்பந்து நேராகவும் நெடுந்தூரமும் பறந்தது. பறக்கும் பந்தின் முதுகை ஒட்டிச் செல்லும் காற்றை அவ்வடுக்கள் கலக்கிவிடுவதால், அது சீக்கிரம் பிரிந்து போகாமல் பந்தைத் தழுவிக்கொண்டே செல்கிறது. பின்னோக்கி இழுக்கும் விசை குறைகிறது. 1905-இல் வில்லியம் டெய்லர் என்னும் ஆங்கிலேயர் சிறு குழிகளுக்குக் காப்புரிமை பெற்றதற்கு மூலம் அதுவே. இன்றைய பந்தின் முகத்தில் முந்நூறுக்கு மேற்பட்டுள்ள அம்மைத் தழும்புகளை அழகுக்கென்று கருதுவோர் இதை நினைவிற்கொள்ள வேண்டும்.

றப்பர் மரம் நம் தீவுக்கு வந்தது 1876-இல். ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொணர்ந்த வித்துக்கள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, ஏறத்தாழ இரண்டாயிரம் கன்றுகளாகக் கப்பலேறி, கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடையில் ஊன்றப்பட்டன. அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகளின் பின், 1898-இல், அமெரிக்காவின் அக்ரன் நகரிலுள்ள குட்ரிச் றப்பர்த் தொழிற்சாலைக்கு நண்பரைக் காணச் சென்ற கோபர்ன் ஹாஸ்கல் என்பவர், காத்திருந்த வேளையில் அங்கே கிடந்த றப்பர் நூலை இழுத்து இழுத்துப் பந்தாகச் சுற்றினாராம். அது தரையில் பட்டு எழும்பிய உயரத்தைக் கண்டு பிரமித்தாராம். 1902-இல் சண்டி ஹேர்ட் பிரித்தானியப் பகிரங்கப் போட்டியில் அப்பந்தைக் கொண்டு வென்றபின், குட்டாபர்ச்சாவின் காலம் முடிந்தது. என் தகப்பனார் உரித்தது அந்த ஹாஸ்கல் பந்தின் பேரப்பிள்ளையையே. நூற்றாண்டுக் காலம் கோல்ஃப் பந்தின் ஜீவன் மரத்துப் பாலிலே தங்கியிருந்தது. 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் டைட்லிஸ்ட் நிறுவனத்தின் புரோ வி1 என்னும் பந்து போட்டிக்கு வந்து, முதல் வாரத்திலேயே பில்லி அன்ட்ரேட் அதைக் கொண்டு லாஸ் வேகாஸில் வெற்றி பெற்றதும், நூல் சுற்றிய பந்துகள் மிகச் சொற்ப காலத்தில் மறைந்தன. இப்போது உட்கரு பெற்றோலியத்திலிருந்து வரும் பொலிபியுட்டடையீன். மேலுறை பொலியூரிதேனோ சேர்லினோ. ஒரு றப்பர்த் தோட்டத்துப் பிள்ளைக்கு இது வருத்தமே. ஆயினும், புதுப் பந்து மேலானது என்பதை நியாயமாக ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இனி, தெரிவைப் பற்றி. விதியின்படி எந்தப் பந்தும் 45.93 கிராமுக்கு மேல் நிறுக்கலாகாது, 42.67 மில்லிமீற்றருக்குக் குறைந்த விட்டமும் கொள்ளலாகாது. அவ்வளவு குறுகிய வரம்புக்குள் இத்தனை சுபாவபேதங்கள் எங்ஙனம் அடங்கின என்பது வியப்பே. கடைக்குச் செல்பவர் அநேகமாகத் தூரத்தைப் பற்றியே விசாரிப்பார். பெட்டியின்மீது அச்சிட்டிருப்பதும் தூரமே. என் மாமாவோ, எழுத்தறியாதவராயினும், நாற்பது வருஷம் பிறருடைய ஆட்டத்தைப் பார்த்த கண்ணுடையவர். "தொரமாரு மொத அடிக்குத்தான் பந்து தேடுறாங்க. கேம்ல ஜெயிக்கிறது தோக்கிறதெல்லாம் குழிக்கிட்ட தான் மருமகனே" என்பார். இத்துறையில் நான் படித்த நூல்களிலெல்லாம் இதைவிடச் சிறந்த வாக்கியத்தை நான் காணவில்லை.

பெரிய மட்டையால் ஓங்கி அடிக்கும்போது பந்து மட்டையின் முகத்தில் தங்குவது ஒரு விநாடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அந்நொடியில் பந்து முழுவதும் நசுங்கி, உட்கருவே பேசுகிறது. அதிலே நல்ல பந்துக்கும் மற்றொரு நல்ல பந்துக்கும் தூரத்தில் காணும் வேறுபாடு சாமானிய ஆட்டக்காரனின் அடிக்கு அடி நேரும் வேறுபாட்டுக்குள் கரைந்துவிடும். இருபது முப்பது கஜத்திலிருந்து புற்றரைக்கு மெல்லத் தூக்கிப்போடும் அடியிலோ, உட்கரு ஏறக்குறைய அசைவதில்லை. மேலுறை மட்டுமே மட்டையின் வரிப்பள்ளங்களில் கவ்வுண்டு சுழற்சி ஏறுகிறது. மென்மையான பொலியூரிதேன் உறை அப்பள்ளங்களைப் பற்றிக்கொள்வதால், பந்து ஒரு துள்ளுத் துள்ளி, இரண்டாம் துள்ளலில் தயங்கி, நின்றுவிடுகிறது. கடினமான சேர்லின் உறை வழுக்கிச் செல்வதால் பந்து உருண்டோடுகிறது. ஆகையால் பந்தைக் குழியிலிருந்து பின்னோக்கித் தெரிந்தெடுக்க வேண்டும் என்பது என் தீர்மானம். மூன்று வகைப் பந்துகளில் ஒவ்வொன்றிலும் மும்மூன்று எடுத்துக்கொண்டு, முதலில் புற்றரையில் உருட்டியும், பின்னர் அதன் விளிம்பிலிருந்து தூக்கிப் போட்டும், அதன் பிறகே நடுத்தர இரும்பு மட்டைகளால் அடித்தும் பாருங்கள். பெரிய மட்டையை மத்தியானம் வரை பையைவிட்டு எடுக்கவேண்டாம். தம் அடியை உருளவிட்டே குழியை அணுகப் பழகியவருக்கு, பாய்ந்து நிற்கும் பந்து இடைஞ்சலாகவே முடியும். அவருக்குச் சேர்லினே உற்ற நண்பன். விலையைக் கண்டு ஒன்றை மேலென்றும் மற்றதைக் கீழென்றும் கருதுவது இரசனையாகாது.

உருட்டிப் பார்க்கும்போது கண்ணை மூடிக்கொள்ளும்படி நான் எப்போதும் சொல்வேன். பந்தின் "மென்மை" என்று நாம் கையால் உணர்வதாக நினைப்பதில் பெரும்பகுதி காதின் வழியே வருகிறது. ஒன்று "டொக்" என்று மரத்தைத் தட்டியதுபோல் ஒலிக்கும்; மற்றொன்று, பழுத்த பலாவின்மீது விரல் பட்டதுபோல் அடங்கி ஒலிக்கும். எந்தச் சப்தத்தைக் கேட்டால் உங்கள் கை பதறாமல் இதமாக அசைகிறதோ, அது உங்கள் பந்து. மெதுவாக வீசுபவருக்கு எளிதில் நசுங்கும் மெத்தென்ற பந்தே தூரம் தரும் என்று ஒரு நம்பிக்கை நெடுங்காலமாக நிலவுகிறது. நான் அதை ஏற்பதில்லை. மெத்தென்ற பந்து வேகத்தைச் சற்றே விழுங்கத்தான் செய்கிறது. அதன் இதத்தை விரும்பி அதை எடுத்துக்கொள்வது வேறு விஷயம். அது நல்ல காரணமே.

நம் நாட்டில் இடத்துக்கு இடம் பந்தின் குணம் மாறித் தோன்றும். 1879-இல் காலிமுகத் திடலில் தோன்றி, பின்னர் பொரளைப் பக்கம் குடியேறிய றோயல் கொழும்புக் கழகத்தின் மைதானம் கடல்மட்டத்தை ஒட்டியது. அங்கே வெப்பத்தில் றப்பர் துடிப்புடன் இருக்கும். மாரிக்காலத்தில் ஈரத்தரை பந்தை உருளவிடாது. ஆகாயத்தில் கடக்கும் தூரமே தூரம். மட்டைக்கும் பந்துக்கும் நடுவே நனைந்த புல் புகும்போது சுழற்சி குன்றுகிறது; அப்போதும் பொலியூரிதேன் உறை ஓரளவு பிடியை விடாமலிருப்பதை நான் அநுபவத்தில் கண்டிருக்கிறேன். ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட நுவரெலியாவிலோ காற்று மெலிந்தது. கொழும்பில் அடித்த அதே அடி அங்கே மேலும் நீண்டு செல்லும். ஆனால், மார்கழி, தை மாதத்து விடியற்குளிரில் விறைத்த பந்து அந்த ஆதாயத்தில் ஒரு பங்கைத் திருப்பி வாங்கிக்கொள்ளும். மாமா காலத்தில் பிரித்தானியருடைய 1.62 அங்குலச் சிறு பந்தும் வழக்கிலிருந்தது; எதிர்க்காற்றை ஊடுருவிச் செல்வதில் அதற்கு நிகரில்லை என்று அவர் உருகுவார். 1974-இல் பகிரங்கப் போட்டியிலிருந்தும், 1990-இல் விதிநூலிலிருந்தும் அது விடைபெற்றது.

என் ஆட்டத்துக்கு இசைந்த பந்தைக் கண்டடைய எனக்குப் பல வருஷங்கள் பிடித்தன. மூன்றடுக்குப் பொலியூரிதேன் பந்து ஒன்றைத் தெரிந்தெடுத்து, அதைப் பெட்டியோடு எடுத்துக்கொண்டு, முதுமையால் கண்மங்கி லயத்து இஸ்தோப்பில் சாய்ந்திருந்த மாமாவிடம் சென்றேன். அவர் பந்தை வாங்கி, இரு பெருவிரல்களாலும் அமுக்கி, குழிகளின்மீது நகத்தை ஓட்டி, சிமெந்துத் தரையில் ஒரு முழ உயரத்திலிருந்து போட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டார். மறுபடியும் ஒருமுறை போட்டார்.

"சத்தம் நல்லாத்தான் இருக்கு" என்றார். "குழிக்கிட்டக் கொண்டுபோய்ப் போட்டுப் பாத்தியா?"