வாயடைப்பது வாதமாகாது!

கருத்தைக் கருத்தால் வெல்வது அறிவுலகின் முறை. கருத்துரைத்தவர்மீது பாய்வது, வாதம் வறண்டவர்களின் முறை.

2017 நவம்பரில், பிரேசில் நாட்டுச் சாவோ பாவுலோ நகரிலே, அமெரிக்கப் பேராசிரியர் ஜூடித் பட்லரின் கொடும்பாவியைக் கொளுத்தினர். 2021 அக்டோபரில், இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்திலே, பேராசிரியர் கேத்லீன் ஸ்டாக்கைப் பணியிலிருந்து விரட்டுக என்று சுவரொட்டி ஒட்டினர். அத்திங்களிலேயே அவர் பதவி துறந்தார். முன்னவர்கள் குடும்பத்தையும் சமயத்தையும் காக்க வந்தோம் என்றனர். பின்னவர்கள் திருநங்கையரையும் திருநம்பியரையும் காக்க வந்தோம் என்றனர். தீப்பந்தமும் சுவரொட்டியும் ஒன்றல்ல, நாம் அறிவோம். ஆயினும், நூலைப் படித்து மறுப்புரைக்கும் உழைப்பிலிருந்து தப்பியோடும் வழி என்ற அளவில், இரண்டும் உறவுதான்!

அந்த உழைப்பை நாம் மேற்கொள்வோம். ஸ்டாக் 2021இல் எழுதியது ‘மெட்டீரியல் கேர்ல்ஸ்’. பட்லர் 2024இல் எழுதியது, ‘பாலினத்தைக் கண்டு அஞ்சுவோர் யார்?’ எனப் பொருள்படும் தலைப்புடைய நூல். இரண்டையும் தராசில் ஏற்றுவோம். எடைக்கல் வேண்டுமன்றோ? வாழ்க்கையிலிருந்தே எடுப்போம்.

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரிலே, பாலியல் வன்கொடுமைக்கு ஆளானோர்க்கு உதவும் மையம் ஒன்று. உதவி நாடிய பெண்ணொருவர், தம் துயரைக் கேட்கவிருப்பவர் ஆணா பெண்ணா என வினவினார். அவருக்கு என்ன விடை தருவது என்று தெளிவு கேட்ட ஊழியர்மீது ஒழுங்கு நடவடிக்கை பாய்ந்தது. அவர் வேலையை விட்டு விலகினார். 2024 மே திங்களில் தொழில் தீர்ப்பாயம், அவர் நேர்மையற்ற முறையில் வெளியேற்றப்பட்டார் என்றும், கொண்ட கருத்துக்காகப் பாகுபடுத்தப்பட்டார் என்றும் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு செப்டம்பரில் வெளிவந்த ஆய்வறிக்கை, பெண்களுக்கு மட்டுமான இடத்தைக் காக்க அம்மையம் தவறியது என்றது. அந்தப் பெண் எழுப்பிய வினாவே நமது எடைக்கல்.

ஸ்டாக்கின் நூல் தெளிவானது. பால் என்பது உடலின் மெய்ம்மை. பாலின அடையாளம் என்பது ஒருவர் தம்மைப்பற்றி உள்ளத்தில் கொண்ட உணர்வு. இரண்டையும் குழப்பினால் பெண்களுக்கு நேரும் கொடுமையைக் கணக்கெடுக்கவும் முடியாது என்கிறார். எடின்பரோப் பெண்ணின் வினாவுக்கு இந்நூலில் நேரான விடையுண்டு. திருநங்கையரை வன்முறையினின்றும் பாகுபாட்டினின்றும் காக்க வேண்டும் என்பதையும் அவர் மறுக்கவில்லை. குறை எங்கே? தம் வாழ்வையே பணயமாக்கி ஒருவர் வாழும் நிலையைப் ‘புனைவில் ஆழ்தல்’ எனும் சொல்லால் அளக்கிறார். புனைவு வேறு, பொய் வேறு என விளக்கமும் தருகிறார். ஆனால், விளக்கம் நூலுக்குள் தங்கிவிடும்; சொல் மட்டுமே வீதிக்கு வரும். வீதியில் அது கல்லாகும் என்பதை எண்ணியிருக்க வேண்டாமா?

பட்லரின் நூல் பரந்தது. வத்திக்கான் முதல் ரஷ்யா, ஹங்கேரி வரை, பாலினம் எனும் சொல்லையே பூச்சாண்டியாக்கிக் காட்டி, அந்த அச்சத்தால் பெண்ணுரிமையையும் தன்பால் விழைவோர் உரிமையையும் சேர்த்தே நசுக்கும் ஆதிக்கத்தை அவர் தோலுரிக்கிறார். போற்றத்தக்க பணி! ஆனால், பிரிட்டன் பக்கம் திரும்பியதும் தராசு சாய்கிறது. அங்கே மாற்றுக்கருத்துக் கூறும் பெண்ணியவாதிகளையும் அந்த ஆதிக்கப் படையின் அருகே கொண்டுபோய் நிறுத்துகிறார். மதபீடம் பெண்ணை வீட்டுக்குள் பூட்ட விழைகிறது. இவர்களோ வீட்டில் அடிபட்டு வெளியேறிய பெண்ணுக்குப் புகலிடம் கேட்கிறார்கள். இரண்டும் ஒரே குரலா? சிலர் செய்த குற்றத்தைத் திருநங்கையர் அனைவர்மீதும் சுமத்தாதீர் என்கிறார் பட்லர். நேர்மையான வாதம்தான். ஆனால், எடின்பரோப் பெண் எவர்மீதும் குற்றம் சுமத்தவில்லையே! வினவினார், அவ்வளவே. அந்த வினாவுக்கு விடை தராமல், அச்சத்தின் பிறப்பிடத்தை ஆராய்வது போதாது.

2025 ஏப்ரல் 16 அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றம், 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தில் பெண் என்பது பிறப்பால் அமைந்த பாலையே குறிக்கும் என்று தீர்ப்பளித்தது. அதே சட்டம் திருநங்கையர், திருநம்பியரைப் பாகுபாட்டினின்று காக்கிறது என்றும், ஒரு சாராரை மறுசாரார் வென்றதாக இதைக் கொள்ளலாகாது என்றும் அறிவுறுத்தியது.

தீர்ப்பு வந்தது, துயரம் தீர்ந்ததா? வன்கொடுமைக்கு ஆளான திருநங்கை எந்தக் கதவைத் தட்டுவார்? ஒரு கதவைப் பெண்களுக்கு மட்டும் என்று வரையறுப்பது நியாயமெனில், மற்றொரு கதவைத் திறந்து வைப்பது அதைவிடப் பெரிய கடமை. அதே எடின்பரோவில், 2022 டிசம்பரில், எழுத்தாளர் ரௌலிங் தம் பணத்தில் பெண்களுக்கென்றே உதவி மையம் ஒன்றை அமைத்தார். தனியொருவரால் ஆனது, அரசால் ஆகாதா? பெண்களுக்கு ஒன்று, திருநங்கையர்க்கு ஒன்று, அனைவர்க்கும் பொதுவாய் ஒன்று என அமைத்திட, பொருளும் மனமும் போதுமே!

இளைஞர்களே! இரு நூல்களையும் படியுங்கள். படித்துவிட்டுச் சினங்கொள்ளுங்கள், படிக்காமல் கொள்ளாதீர்கள். வினவிய பெண்ணின் வாயை அடைப்பதும் சீர்திருத்தமன்று. வாயிலில் நிற்கும் திருநங்கையை இழிவு செய்வதும் பகுத்தறிவன்று. கேள்வி கேட்கும் உரிமையைப் பெரிதென மதிக்கும் நாம், நமக்குப் பிடிக்காத கேள்விக்கும் அவ்வுரிமை உண்டென்று சொல்லத் துணிய வேண்டும். அந்தத் துணிவுக்குப் பெயரே பகுத்தறிவு!