உப்புக் காற்றில் ஒரு மல்டிமீட்டர்: பழைய புல்லட்டின் சார்ஜிங் கோளாறை முந்நூறு ரூபாயில் பிடிக்க முடியுமா?

மணவாளக்குறிச்சி, மண்டைக்காடு, குளச்சல் என்று கடலை ஒட்டிய ஊர்களில் பழைய பைக் வைத்திருப்பவர்களுக்குப் பேட்டரி என்பது மளிகைச் செலவு மாதிரி ஆகிவிட்டது. ஹாரன் தொண்டை கட்டினால் பேட்டரி. இண்டிகேட்டர் சோம்பி மின்னினால் பேட்டரி. புதுசு போட்டதும் எல்லாம் சரியாகிவிடும், கொஞ்ச நாளில் அதுவும் படுத்துக்கொள்ளும். புதுப் பேட்டரி கடையிலிருந்து நிறைந்த சார்ஜோடு வருகிறது. அது தீரும்வரை வண்டியில் உள்ள நோய் வெளியே தெரியாது, அவ்வளவுதான் விஷயம்.

இந்த நோயைப் பிடிக்க மெக்கானிக் கடைகளிலும் எலக்ட்ரிக்கல் கடைகளிலும் பரவலாகக் கிடைக்கும் டிடி-830டி வகை டிஜிட்டல் மல்டிமீட்டர் போதுமா என்பதுதான் இந்த விமர்சனம். பல பெயர்களில், ஒரே அச்சில், முந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. சோதனைக்கு எடுத்துக்கொண்டது 1990களில் வந்த 12 வோல்ட், பாயின்ட் செட் புல்லட் 350. கடற்கரைக்குப் பக்கத்திலேயே நிற்கும் வண்டி. குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஆக, வருஷத்தில் இரண்டு முறை நனைந்து, மற்ற நாளெல்லாம் உப்புக் காற்றில் ஊறும் ஒயரிங்.

புல்லட்டைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இருக்கிறது. 1985இல் வந்த ஆர்எக்ஸ் 100 போன்ற வண்டியில் சிடிஐக்கு வேண்டிய கரண்டு மேக்னட்டோவிலிருந்து நேரடியாகப் போகிறது. பேட்டரி செத்தாலும் கிக்கரை உதைத்தால் கிளம்பிவிடும். பாயின்ட் செட் புல்லட்டில் இக்னிஷன் காயிலுக்கே பேட்டரிதான் சோறு போடுகிறது. சார்ஜிங் கெட்டால் முதலில் ஹாரன் போகும், பிறகு மிஸ்ஸிங், பிறகு நடுரோடு.

கையில் எடுத்தால்

உள்ளே 9 வோல்ட் சதுர பேட்டரி, நடுவில் பெரிய திருகு, கீழே மூன்று துளைகள். ஆட்டோ ரேஞ்ச் கிடையாது. நாம்தான் டிசி 20 என்று திருப்பிவைக்க வேண்டும். அந்த ரேஞ்சில் வோல்ட்டில் நூறில் ஒரு பங்குவரை காட்டும். துல்லியம் பைக் வேலைக்குத் தாராளம்: 14.2 என்று காட்டினால் உண்மை 14.1க்கும் 14.3க்கும் நடுவில் இருக்கும்.

குறை முழுக்க ஒயரில். கூடவரும் புரோப் ஒயர்கள் மெலிசு, முனை வழுக்கும். ஒரு கை ஆக்சிலரேட்டரில் இருக்கும்போது இரண்டு முனையைப் பிடிக்க மூன்றாவது கை வேண்டும். முதலைக் கிளிப் ஒரு ஜோடி தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். மீட்டரின் சொந்த 9 வோல்ட் பேட்டரி இறங்கினால் அளவுகள் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். திரையில் பேட்டரிச் சின்னம் தெரிந்தால் வேறெதையும் நம்பாமல் முதலில் அதை மாற்றுங்கள். 10 ஆம்பியர் துளைக்கு உள்ளே பியூஸ் கிடையாது. சிவப்பு ஒயரை அதில் மறந்துவிட்டுப் பேட்டரியின் இரு முனையிலும் வைத்தால் நேரடி ஷார்ட். ஒயர் உருகும், கை சுடும்.

முதல் அளவு: ஓய்வில் பேட்டரி

ராத்திரி முழுக்க நின்ற வண்டி, சாவி ஆஃப். லெட் ஆசிட் பேட்டரி நிறைந்திருந்தால் 12.6 முதல் 12.8 வரை இருக்க வேண்டும். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் கிட்டத்தட்டப் பாதி, 12க்குக் கீழே வற்றியது. 10.5 பக்கத்தில் நின்றால் ஆறு செல்லில் ஒன்று போய்விட்டது என்று பொருள். சார்ஜ் போட்டுப் பயனில்லை.

நம் புல்லட் காட்டியது 12.15. செத்த பேட்டரி இல்லை, பட்டினி கிடக்கும் பேட்டரி. தண்ணீர் ஊற்றும் வகை என்றால் ஒவ்வொரு செல்லையும் ஹைட்ரோமீட்டரில் தனியாகப் பாருங்கள், 1.260 முதல் 1.280 வரை நல்லது. ஒரு செல் மட்டும் பின்தங்கினால் அதை மல்டிமீட்டர் அவ்வளவு சீக்கிரம் காட்டிக்கொடுக்காது.

இரண்டாவது அளவு: ஓடும்போது

என்ஜினைக் கிளப்பி, ஹெட்லைட் போட்டு, நடுத்தர வேகத்தில் பிடித்துக்கொண்டு பேட்டரி முனைகளில் பார்க்க வேண்டும். 13.8 முதல் 14.4 வரை இருந்தால் சார்ஜிங் நலம். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கைவிட்டுவிட்டது. ஆசிட் கொதித்து வற்றும், பல்புகள் வரிசையாகப் போகும். 13ஐ ஒட்டியே நின்றால் பேட்டரிக்குப் போதுமான சாப்பாடு போகவில்லை.

புல்லட்டின் ஹெட்லைட் தலையில் இருக்கும் ஆம்மீட்டரும் இந்த வேலையைத்தான் செய்கிறது என்பார்கள். பாதிதான் சரி. முள் வலப்பக்கம் சாய்ந்தால் கரண்டு பேட்டரிக்குள் போகிறது, இடப்பக்கம் என்றால் வெளியேறுகிறது. எவ்வளவு வோல்ட்டில் போகிறது என்பதை அது சொல்லாது. நம் வண்டியில் முள் வலப்பக்கம் லேசாகச் சாய்ந்தே இருந்தது, மீட்டரோ 13.0க்கு மேல் ஏற மறுத்தது.

ஒரு பழக்கத்தை இங்கே கண்டிக்க வேண்டும். ஓடும் வண்டியில் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, என்ஜின் நிற்காவிட்டால் சார்ஜிங் ஓகே என்று சொல்கிற வைத்தியம் இன்னும் பல இடங்களில் நடக்கிறது. பேட்டரி இல்லாதபோது வோல்டேஜ் எகிறும். பல்பு, ரெகுலேட்டர், சிடிஐ எதுவும் போகலாம். மீட்டர் இருக்கும்போது இந்த வீரம் தேவையில்லை.

இந்தக் கருவி காசைத் திருப்பித் தந்த இடம்

13.0 என்றதும் வழக்கமான தீர்ப்பு, ஸ்டேட்டர் காயில் அல்லது ரெகுலேட்டர் மாற்று என்பதுதான். அதற்கு முன் ஒரே ஒரு இடம் தள்ளி அளந்தோம். அதே வேகம், அதே ஹெட்லைட். புரோப்கள் மட்டும் பேட்டரியில் அல்ல: சிவப்பு ரெகுலேட்டரின் வெளிவரும் முனையில், கறுப்பு ரெகுலேட்டர் உடம்பில். 14.0. உற்பத்தியில் குறையில்லை. ரெகுலேட்டரிலிருந்து பேட்டரிக்குப் போய்ச் சேருவதற்குள் ஒரு வோல்ட் வழியிலேயே தொலைகிறது.

தொலைந்த இடத்தையும் மீட்டரே சொல்லும். ஒரு புரோப்பைப் பேட்டரி பாசிட்டிவிலும் இன்னொன்றை ரெகுலேட்டர் பாசிட்டிவிலும் வைத்தால் 0.3. பேட்டரி நெகட்டிவுக்கும் ரெகுலேட்டர் உடம்புக்கும் நடுவில் 0.7. நல்ல வயரிங்கில் ஒவ்வொரு பக்கமும் 0.2க்குள் இருக்க வேண்டும். ஆக, பெரிய திருடன் எர்த் ஒயர்.

பேட்டரித் தட்டுக்குக் கீழே போல்ட் போட்ட லக் வெளியே பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது. போல்ட்டைக் கழற்றினால் அடியில் பச்சைக் களிம்பு. லக்குக்கு மேலே ஒயரின் தோலைக் கீறினால் உள்ளே செம்பு நிறமே இல்லை. ஒரு விரல் நீளத்துக்குக் கரிக்கட்டை மாதிரி கறுத்த இழைகள். உப்பு ஈரம் ஒயரின் தோலுக்குள்ளேயே இழை வழியாக ஏறிப்போயிருக்கிறது. கடலோர வண்டிகளின் குணம் இது: வெளித்தோல் பளபளக்கும், உள்ளே செம்பு செத்திருக்கும். பாசிட்டிவ் பக்கத்தில் கண்ணாடி பியூஸைப் பிடிக்கும் ஸ்பிரிங் துருவேறிக் கிடந்தது. ஆம்மீட்டருக்குப் பின்னால் இருக்கும் நட்டுகளிலும் மாசு.

கொஞ்சம் தடித்த புது எர்த் ஒயர், புது லக், சட்டத்தில் பெயின்டை உப்புத்தாளால் தேய்த்துப் பளிச்சென்று இரும்பு தெரியும்வரை எடுத்தல், பியூஸ் ஹோல்டர் மாற்றம், நட்டுகளைச் சுத்தம் செய்து இறுக்குதல், மேலே வாஸ்லின் பூச்சு. மறுபடி அளந்தால் பேட்டரி முனையில் 13.85. ஸ்டேட்டரும் ரெகுலேட்டரும் பேட்டரியும் பழையவையே. ஹெட்லைட்டுக்குப் போகும் வழியிலும் இதே சுத்தம் செய்தால் பலன் கண்ணுக்கே தெரியும்: பல்புக்கு வரும் வோல்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் சாதாரண இழை பல்பின் வெளிச்சம் கிட்டத்தட்ட முப்பது சதவீதம் குறைகிறது.

பஸ்ஸரை நம்பாதீர்கள்

ஒயர் தொடர்ச்சியாக இருக்கிறதா என்று பார்க்க இந்த மீட்டரில் ஒரு பஸ்ஸர் உண்டு. கழற்றிய பழைய எர்த் ஒயரை அதில் வைத்தால் உற்சாகமாகக் கத்தியது. சில பத்து ஓம் தடை இருந்தாலும் பஸ்ஸர் கத்தும். 4 ஆம்பியர் போகும் ஒயரில் 0.2 ஓம் இருந்தாலே 0.8 வோல்ட் காலி. 200 ஓம் ரேஞ்சில் அளக்கலாம் என்றால், மீட்டரின் புரோப் ஒயர்களே அரை ஓம் பக்கம் காட்டும், அதற்குள் 0.2ஐத் தேடுவது வீண்.

வோல்ட் அளவிலும் ஒரு பொறி உண்டு. பின் பிரேக் லைட் எரியவில்லை. ஹோல்டரில் மீட்டரை வைத்தால் 12.1 வோல்ட் கம்பீரமாக நின்றது. பல்பு போட்டால் இருட்டு. பக்கத்திலிருந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் மீட்டரைப் பார்க்காமலே சொன்னார்: “கரண்டு வருது அண்ணாச்சி, லோடுதான் எடுக்கமாட்டேங்கு.”

அவர் சொன்னதன் கணக்கு இது. இந்த மீட்டரின் உள் தடை பத்து லட்சம் ஓம். 12 வோல்ட்டை அளக்க அது எடுக்கும் கரண்டு ஆம்பியரில் லட்சத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். 21 வாட் பிரேக் பல்புக்கோ ஏறக்குறைய 1.75 ஆம்பியர் வேண்டும். ஒயரில் அறுந்தது போக ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டருக்கு முழு வோல்ட் தெரியும். பல்புக்கு அது நூல் கட்டித் தேர் இழுக்கிற கதை.

அதனால்தான் பழைய எலக்ட்ரீஷியன்கள் டெஸ்ட் லாம்பைக் கைவிடவில்லை. பழைய 12 வோல்ட், 21 வாட் பல்பு, ஒரு ஹோல்டர், இரண்டு ஒயர், இரண்டு கிளிப். பிரகாசமாக எரிந்தால் வழி சுத்தம், மங்கினால் வழியில் அரிப்பு. எத்தனை வோல்ட் என்று அதற்குச் சொல்லத் தெரியாது. பல்பை எரியவிட்டு அதன் முனைகளிலேயே மீட்டரை வைத்தால் இரண்டு பதிலும் ஒன்றாகக் கிடைக்கும். எச்சரிக்கை ஒன்று: சிடிஐ சிக்னல் ஒயர்களிலும் புது எஃப்ஐ வண்டிகளின் சென்சார் ஒயர்களிலும் டெஸ்ட் லாம்பைத் தொடாதீர்கள்.

ஸ்டேட்டரும் ரெகுலேட்டரும்

வழியெல்லாம் சுத்தமாக இருந்தும் 13ஐத் தாண்டவில்லை என்றால்தான் இந்தப் பக்கம் வர வேண்டும். ஸ்டேட்டர் கப்ளரைக் கழற்றி, ஏசி 200 ரேஞ்சில் வைத்து ஆக்சிலரேட்டரைத் திருகினால் வோல்ட் வேகத்தோடு சேர்ந்து ஏற வேண்டும். ஏறாமல் நின்றால் காயிலில் சந்தேகம். காயிலுக்கும் என்ஜின் உடம்புக்கும் தொடர்பு இருக்கக் கூடாது என்ற விதி எல்லா வண்டிக்கும் பொருந்தாது. பல 100 சிசி வண்டிகளில் காயிலின் ஒரு முனையே எர்த்தில்தான் இருக்கும். வயரிங் படத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பழைய வண்டிகளில் பெரும்பாலும் இருக்கும் ஷன்ட் வகை ரெகுலேட்டர், உபரி கரண்டைத் தனக்குள்ளே ஷார்ட் செய்து வெப்பமாக வெளியேற்றுகிறது. அதற்குக் காற்று வேண்டும், நல்ல எர்த்தும் வேண்டும். எல்லா பல்பையும் எல்இடி ஆக்கினால் ஸ்டேட்டருக்கு ஓய்வு என்று நினைப்பவர்கள் கவனிக்க: இந்த வகையில் மிச்சமாகும் கரண்டும் சூடாக மாறுகிறது.

ரோட்டரைக் கழற்ற நேர்ந்தால் இந்த ஊருக்கென்று ஒரு குறிப்பு. மணவாளக்குறிச்சி மணலில் இல்மனைட் கலந்திருக்கிறது. இங்குள்ள ஐஆர்இஎல் ஆலையில் அந்தக் கருப்புத் துகளைக் காந்தம் வைத்துத்தான் பிரிக்கிறார்கள். புல்லட்டின் ரோட்டரும் காந்தம்தான். தரையில் வைக்காமல் சுத்தமான துணியில் சுற்றி வையுங்கள். ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவே இருப்பது காகித அளவு இடைவெளி. அதற்குள் மணல் போனால் காயிலின் வார்னிஷைச் சுரண்டும்.

நிற்கும் வண்டியில் பேட்டரி இறங்கினால்

நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, அதற்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டரை ஆம்பியரில் வையுங்கள். முதலில் 10 ஆம்பியர் துளை, எதுவும் தெரியாவிட்டால் மில்லியாம்பியர். கடிகாரமோ அலாரமோ இல்லாத பழைய வண்டியில் பூஜ்யம் காட்ட வேண்டும். ஏதாவது ஓடினால் பியூஸ், ஸ்விட்ச், பிற்பாடு போட்ட ஹாரன், சார்ஜர் என்று ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எண் எப்போது பூஜ்யமாகிறதோ அங்கேதான் கசிவு. மீட்டர் இப்படி இணைந்திருக்கும்போது சாவியைத் திருப்பினால் மீட்டர் போகலாம்.

தீர்ப்பு

பிடித்தவை: விலை, டிசி வோல்ட் துல்லியம், வெயிலிலும் தெரியும் பெரிய எண்கள். பிடிக்காதவை: புரோப் ஒயர்கள், பியூஸ் இல்லாத 10 ஆம்பியர் துளை, நம்பிக் கெட வைக்கும் பஸ்ஸர். ஹேண்டில்பாரில் மாட்டும் குட்டி வோல்ட்மீட்டர் இதற்கு மாற்றாகாது. அது தான் செருகப்பட்ட இடத்தின் வோல்ட்டைக் காட்டும்; பேட்டரியின் வோல்ட்டை அல்ல. டிசி கிளாம்ப் மீட்டர் அருமையான கருவி, ஆனால் கடை வைத்திருப்பவர்களுக்குத்தான் அந்த விலை கட்டுப்படியாகும்.

மீட்டரை மட்டும் வாங்கினால் பாதி மதிப்பெண். 21 வாட் பல்பும் ஒரு ஜோடி முதலைக் கிளிப்பும் சேர்த்து வாங்கினால் முழு மதிப்பெண். பேட்டரிக் கடைக்குக் கிளம்பும்முன் நாலு எண்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: ஓய்வில் பேட்டரி, ஓட்டத்தில் பேட்டரி, ஓட்டத்தில் ரெகுலேட்டர் முனை, ஹெட்லைட் எரியும்போது நெகட்டிவுக்கும் என்ஜினுக்கும் உள்ள வித்தியாசம். இரண்டாவதும் மூன்றாவதும் 0.4க்கு மேல் விலகி நின்றால் கடைக்குப் போக வேண்டாம், உப்புத்தாளை எடுங்கள்.