பத்து நொடி அரவை

காபி அரவை இயந்திரத்தின் பொத்தானை அமுக்கியதும் வருகிற முதல் அரை நொடி எனக்கு மிகவும் பிடித்தது. மோட்டார் முனகிக்கொண்டு எழும். அரவைத் தட்டு வேகம் பிடிக்கும். தூள் இன்னும் விழுந்திருக்காது. பிறகு சத்தம் கனத்து, மூக்கு வழியாகத் தூள் சீராக இறங்கத் தொடங்கும். டைமர் நேரம் முடிந்து மின்சாரத்தை நிறுத்தினாலும் தட்டு உடனே நின்றுவிடாது. சுழன்ற வேகத்தில் இன்னும் ஒரு சிட்டிகைத் தூளைத் தள்ளிவிட்டுத்தான் ஓயும்.

டைமர் வைத்து அரைப்பதன் நுட்பம் முழுக்க இந்த இரண்டு ஓரங்களில்தான் இருக்கிறது. 10 நொடிக்கு 20 கிராம் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். 5 நொடிக்குச் சரியாக 10 கிராம் விழுமா? விழாது. வேகம் பிடிக்கிற நேரமும் ஓய்கிற நேரமும் 5 நொடி ஓட்டத்திலும் அதே அளவு, 10 நொடி ஓட்டத்திலும் அதே அளவு. ஆகவே ஐந்தைந்தாக இரண்டு தடவை அமுக்குவது வேறு, பத்தையும் ஒரே மூச்சில் ஓடவிடுவது வேறு. நமக்கு வேண்டிய அளவுக்கே நேரம் வைத்து ஒரே ஓட்டமாக விட்டால், தொடக்கத்தில் குறைவதும் முடிவில் கூடுவதும் தினமும் ஒரே மாதிரி இருக்கும். பிழை மாறாமல் இருந்தால் போதும், அளவு தானாக நிலைத்துவிடும். நான் ரசிப்பது இதைத்தான்.

டைமருக்கு எடை தெரியாது. மேலே என்ன கொட்டை கிடக்கிறது என்பதும் தெரியாது. அந்தக் கொட்டையோ லேசில் ஒரே மாதிரி இருப்பதில்லை.

சேலத்துக்காரர்களுக்குக் காபிக்கொட்டை தூரத்துச் சரக்கில்லை. 1820-களில் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் சேர்வராயன் மலையில் காபியைக் கொண்டுவந்து நட்டார். இன்றும் ஏற்காட்டுத் தோட்டங்களில் காய்த்துக்கொண்டிருக்கிறது. நாமக்கல் பக்கத்தில் கொல்லிமலை. அங்கே மிளகுக்கொடி படர்ந்த மரங்களின் நிழலில் காபிச்செடி. காபிப் பழத்துக்குள் வழக்கமாக இரண்டு கொட்டைகள், ஒன்றையொன்று பார்த்த பக்கம் தட்டையாக இருக்கும். சில பழங்களில் மட்டும் ஒன்றே ஒன்று உருண்டு திரண்டிருக்கும். அதைத்தான் பீபெரி என்று தனியாகப் பொறுக்கி விற்கிறார்கள். உருண்டைக் கொட்டை தட்டுக்குள் இறங்கும் விதம் வேறு, தட்டைக் கொட்டை இறங்கும் விதம் வேறு. பிளாண்டேஷன் ஏ என்கிற தட்டைக் கொட்டைக்கு வைத்த நேரத்தைப் பீபெரிக்கு அப்படியே வைத்தால் எடை மாறிப்போகும். வறுவலும் அப்படித்தான். கருக்க வறுத்த கொட்டை ஊதி, லேசாகி, எளிதில் நொறுங்கும். இளவறுவல் கெட்டியாக நின்று தட்டோடு மல்லுக்கட்டும்.

அரவையை நைசாக்கினால் தட்டுகளுக்கு இடையே இடைவெளி குறையும், தூள் மெதுவாக வரும். அந்த இடைவெளியை மாற்றும் வளையத்தை ஒரு கோடு திருப்பினாலும் பழைய நேரம் செல்லாது. இதை மறந்துவிட்டு இயந்திரத்தைக் குறை சொல்கிறவர்கள்தான் அதிகம். மேலே கொட்டையின் பாரமும் வேண்டும். கொட்டை போடும் கூம்பில் மூன்றில் ஒரு பங்காவது இருந்தால் மேலே உள்ளது கீழே உள்ளதை அழுத்தித் தட்டுக்குள் சீராக இறக்கும். தீரும் நேரத்தில் கடைசிக் கொட்டைகள் வாணலியில் சோளம் பொரிவதுபோல் துள்ளித் துள்ளி விழும். டைமர் பாட்டுக்கு ஓடும், தூள்தான் குறையும்.

கோடைச் சாயங்காலத்தில் ஊர் முழுக்க ஏசி ஓடி வோல்டேஜ் இறங்கும்போது வீட்டு மிக்சியின் குரல் தணிவதைக் கேட்டிருப்பீர்கள். அதில் இருப்பது யுனிவர்சல் மோட்டார். வோல்டேஜ் இறங்கினால் வேகமும் இறங்கிவிடும். இண்டக்‌ஷன் மோட்டார் அவ்வளவு சீக்கிரம் தளராது. மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அலைவெண்ணைப் பிடித்துக்கொண்டு ஏறக்குறைய அதே வேகத்தில் சுற்றும். நொடியை நம்பி அரைக்க அது நல்ல துணை.

சேலம் கடைத்தெருவில் கொட்டையை வறுத்து, கண்ணெதிரே அரைத்துத் தருகிற காபித்தூள் கடைக்காரரின் கையை நின்று பாருங்கள். அவருக்கு டைமர் தேவையில்லை. கொட்டையை முதலிலேயே நிறுத்துக் கூம்பில் கொட்டிவிடுகிறார். காது மட்டும் மில்லின் பக்கம் இருக்கிறது. கொட்டை தீர்ந்ததும் மில்லின் குரல் கனம் இழந்து மேலே ஏறும். உடனே நிறுத்திவிடாமல், வாயில் கட்டிய துணிக்குழாயைப் புறங்கையால் தட்டுவார், ஒரு தட்டு, இன்னொரு தட்டு. மடிப்பில் ஒளிந்திருந்த தூள் பொலபொலவென்று இறங்கும். நம் எடை நம் பொட்டலத்துக்கே வந்து சேர்கிறது.

அந்தத் தட்டலைத்தான் டைமர் இயந்திரத்தால் செய்ய முடியாது. மூக்குக்குள் எப்போதும் கொஞ்சம் தூள் தங்கும். காலையில் முதலில் விழுவது நேற்றைய தூள். மணம் போன அந்தச் சிறு அளவை ஒரு நொடி ஓடவிட்டு ஒதுக்கிவிடுவது நல்லது. மாசி, பங்குனியில் காற்று காய்ந்திருக்கும்போது நிலைமின்சாரம் ஏறி, தூள் இன்னும் அதிகமாக ஒட்டிக்கொள்ளும். கொட்டையில் துளி நீர் தெளித்து அரைத்தால் இந்த மின்னேற்றம் வெகுவாகக் குறைகிறது என்று ஓரிகன் பல்கலைக்கழகக் குழுவினர் 2023-ல் ஆய்வுக் கட்டுரையே எழுதினார்கள். அப்போதைக்கப்போது நிறுத்துப் போட்டு அரைப்பவர்களுக்கு அது பொருந்தும். கூம்பு நிறையக் கொட்டை வைத்திருப்பவர்கள் நனைக்க வேண்டாம்.

அரை கிராம் இப்படி அப்படி ஆனால் என்ன? பித்தளை பில்டரில் தானாக ஊறிச் சொட்டும் டிகாஷனுக்கு ஒன்றும் ஆகாது என்பது என் தீர்மானம். எஸ்பிரஸோவில் அப்படி விட முடியாது. ஏறக்குறைய 9 பார் அழுத்தத்தில் முப்பது நொடிக்குள் நீர் தூளைக் கடந்துவர வேண்டும். ஒரு கிராம் கூடினாலே பாதை அடைபட்டுக் கசப்பேறும்.

புதுப் பொட்டலம் பிரித்தாலோ, வளையத்தைத் திருப்பினாலோ, முதல் அரவையை ஒதுக்கிவிட்டு அடுத்த மூன்றைத் தராசில் வைத்துப் பாருங்கள். மூன்றும் அரை கிராமுக்குள் ஒத்து நின்றால், வேண்டிய எடைக்கு வரும்வரை நேரத்தைக் கால் நொடி, அரை நொடியாகக் கூட்டியோ குறைத்தோ வையுங்கள். பிறகு அடுத்த பொட்டலம் வரும்வரை தராசை எடுத்து உள்ளே வைத்துவிடலாம்.