கண்ணாடிக்கு எத்தனை நிமிடம்?

ஊரில் ஓட்டிய எந்தக் காரிலும் ஏசிக் குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்பியதாக எனக்கு நினைவில்லை. நீலம் நமக்கு, சிவப்பு ஏதோ அழகுக்கு வைத்தது என்றே இருந்துவிட்டேன். கனடாவின் வின்னிபெக்குக்கு வந்து எட்டு வருடமாகிறது. இப்போது ஒரு வண்டியை அந்தச் சிவப்புப் பக்கத்தை வைத்துத்தான் எடைபோடுகிறேன்.

இந்த எஸ்யூவியை வாங்கி இரண்டு குளிர்காலம் ஓட்டியாகிவிட்டது. 1.5 லிட்டர் டர்போ எஞ்சின், ஆல் வீல் டிரைவ். மற்ற விவரங்களை எந்த விளம்பரத்திலும் படித்துக்கொள்ளலாம். இந்தக் கம்பெனி வண்டி எங்கள் வீட்டுக்கு இது மூன்றாவது. அந்தப் பாசத்தில்தான் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். கோடையில் ஒரு குறை சொல்ல முடியாது. நெடுஞ்சாலையில் நம் கணக்குக்கு லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுத்தது. ஊருக்குப் போன் போட்டு அண்ணனிடம் முதலில் சொன்ன சங்கதியும் அதுதான்.

அப்புறம் ஜனவரி வந்தது.

வின்னிபெக்குக்கு ‘விண்டர்பெக்’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. காலை ஆறே முக்கால் மணி, -31 டிகிரி. கதவைத் திறந்தால் கீல் முனகும். சீட் பலகை மாதிரி இருக்கும். கண்ணாடியின் வெளிப்பனியைச் சுரண்டியில் தேய்த்து எடுத்துவிடலாம், பத்து நிமிட வேலை. வம்பு உள்பக்கப் பனியில்தான். நேற்று மாலை வீடு திரும்பும்போது நான் விட்ட மூச்சும், பூட்ஸில் ஒட்டிவந்து மேட்டில் உருகிய பனியும் ராத்திரியோடு ராத்திரியாகக் கண்ணாடியின் உள்ளே போய் ஒட்டியிருக்கும். சுரண்டினால் தேங்காய்த் துருவல் போல மடியில் கொட்டும். சுரண்டி முடித்து ஒரு பெருமூச்சு விட்டால் போதும், அந்த மூச்சே மறுபடி படிந்துவிடும்.

ஒரு வாரம் கடிகாரமும் கையுமாக உட்கார்ந்து பார்த்தேன். எஞ்சினை ஓடவிட்டு 5 நிமிடம் ஆகியும் வருவது பச்சைக் குளிர்காற்று. 9 நிமிடத்தில், வெதுவெதுப்பு என்று சொல்லலாமா என்று யோசிக்கும் அளவுக்கு ஏதோ ஒன்று. 14 நிமிடத்தில் ஸ்டியரிங்குக்கு நேரே, கண்ணாடியின் அடி விளிம்பில் ஒரு பிறை. அது வளர்ந்து சோற்றுத் தட்டளவு ஆக 22 நிமிடம். அந்தத் தட்டு வழியாகக் குனிந்து பார்த்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்; போலீஸ் கண்ணில் பட்டால் அபராதம். பக்கக் கண்ணாடிகள் அரை மணி நேரம் கழித்தும் பால் வெள்ளை. சைடு மிரரை அதன் வழியாகத்தானே பார்க்க வேண்டும்?

மேல்வீட்டில் இருப்பவர் யாழ்ப்பாணத்துக்காரர். அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். இங்கே வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆறு சிலிண்டர் எஞ்சினோடு பழைய செடான் ஒன்று வைத்திருக்கிறார். கதவின் அடியெல்லாம் துரு. நான் ஓடவிட்ட வண்டிக்குள் குல்லாவோடு குந்தியிருக்க, அவர் நிதானமாக இறங்கி வந்து, கையுறையைக் கழற்றிப் பக்கத்து சீட்டில் போட்டுவிட்டுக் கிளம்பிப் போவார். ஒரு நாள் என் ஜன்னலைத் தட்டினார்.

“தம்பி, இதுக்க ஏன் இருக்கிறீர்? வீட்டுக்கயே இருந்திருக்கலாமே.”

“கண்ணாடி தெளியல அண்ணை. ஹீட்டர் சரியில்லைன்னு நினைக்கிறேன்.”

“ஹீட்டரில பிழை இல்லை. அடுப்புச் சின்னன். சின்ன அடுப்பில ஊருக்கே சமைக்கேலுமே?”

சிரித்துவிட்டுப் போனார். யோசித்துப் பார்த்தால் மொத்த விஷயமும் அதற்குள் இருந்தது. எஞ்சினில் எரியும் பெட்ரோலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றுகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி சூடாகவே போகிறது, பாதி சைலன்ஸர் வழியாக, பாதி கூலன்ட் வழியாக. அந்தக் கூலன்டை டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள ஒரு குட்டி ரேடியேட்டரில் ஓடவிட்டு, அதன் மேல் காற்றை ஊதினால் அதுதான் ஹீட்டர். வெளிக்காற்றை உள்ளிழுத்து இப்படிச் சூடாக்கித் தரும் ஏற்பாட்டை 1938-ல் அமெரிக்காவின் நாஷ் கம்பெனி தன் கார்களில் கொண்டுவந்தது. அடிப்படை இன்றுவரை மாறவில்லை. காருக்குள் நாம் காயும் சூடு, எஞ்சின் வீணாக்கிய பெட்ரோல். வீணாக்கத் தெரியாத எஞ்சின் எதைக் கொடுக்கும்? அண்ணனிடம் நான் பீற்றிக்கொண்ட அந்த 14 கிலோமீட்டர்தான் ஜனவரியில் என்னைப் பழிவாங்கிக்கொண்டிருந்தது.

இந்த மாதிரிச் சின்ன எஞ்சினை நிறுத்திய இடத்தில் ஓடவிட்டால் அது சூடாவதே அபூர்வம். ஃபேனை முழு வேகத்தில் வைத்தால், எஞ்சின் பாடுபட்டு ஏற்றிய சூட்டை ஃபேன் அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. போர்ட்டேஜ் அவென்யூவில் நீளமான சிக்னல் ஒன்றில் நின்றால் வென்ட்டில் வரும் காற்று ஆறிப்போவது கன்னத்தில் தெரியும். பச்சை விழுந்து நாலு தெரு ஓடினால் மறுபடி சூடு வரும். அடுப்பங்கரையில் ஊதுவதை நிறுத்தினால் விறகு அணைகிற மாதிரி.

சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். தெர்மோஸ்டாட்டைச் சோதித்தார்கள், கூலன்ட் அளவு பார்த்தார்கள், சாஃப்ட்வேர் ஒன்றும் ஏற்றினார்கள். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறதாம். இந்த எஞ்சினுக்கு இதுதான் இயல்பாம். சொன்னவர் நின்றிருந்த கூடம் 20 டிகிரிக்குக் கதகதப்பாக இருந்தது. அவர் சொன்னது பொய்யும் இல்லை. ஐரோப்பிய விதிப்படி டீஃப்ராஸ்டரை -8 அல்லது -18 டிகிரியில் சோதிக்கலாம். ஓட்டுநருக்கு நேரே உள்ள பகுதியில் 80 சதவீதம் 20 நிமிடத்துக்குள் தெளிந்தால் பாஸ். -18 டிகிரியில் என் வண்டியை நானே சோதித்தேன், 13 நிமிடம், தாராளமாகப் பாஸ். எங்கள் ஊரில் ஜனவரியில் -18 என்றால் நல்ல நாள். பையன்கள் குல்லா இல்லாமல் திரிவார்கள்.

எஞ்சினாவது இயற்கைக்குக் கட்டுப்பட்டது. டச் ஸ்கிரீனை மன்னிக்கவே முடியாது. டீஃப்ராஸ்ட் பொத்தானை அதற்குள் கொண்டுபோய் வைத்த புண்ணியவான் யாரோ, ஒரு குளிர்காலம் இங்கே வந்து இருக்க வேண்டும். -30-ல் ஸ்கிரீன் முழித்துக்கொள்ளவே நேரமாகிறது. கையுறையோடு தொட்டால் கண்டுகொள்வதில்லை. கையுறையைக் கழற்றி இரண்டு முறை தொட வேண்டும், முதலில் கிளைமேட் பக்கத்துக்கு, பிறகு டீஃப்ராஸ்டுக்கு. இதற்குள் விரல் நுனி மரத்துவிடும். ‘ஆட்டோ’வில் விட்டால் அது காற்றைக் காலுக்கு அனுப்பிக் கண்ணாடியை மறந்துவிடுகிறது. என் பழைய வண்டியில் இதற்கென்று ஒரு தடித்த பொத்தான் இருந்தது. இருட்டில் முழங்கையால்கூட இடித்து அழுத்தலாம்.

குறையே சொல்லிக்கொண்டிருந்தால் நியாயம் ஆகாது. சீட் ஹீட்டரும் ஸ்டியரிங் ஹீட்டரும் அற்புதம். மின்சாரத்தில் ஓடுவதால் எஞ்சினுக்காகக் காத்திருப்பதில்லை. இரண்டே நிமிடத்தில் முதுகு இளகுகிறது. இந்த வசதியில்தான் எலக்ட்ரிக் கார்க்காரர்கள் எங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவர்களுக்குக் காற்றைச் சூடாக்குவதும் மின்சாரம்தான், கிளம்புமுன்னே கண்ணாடி தெளிந்துவிடும். அந்தச் சூட்டுக்கான விலையைப் பேட்டரியில் கொடுக்கிறார்கள். வழியில் எவ்வளவு தூரம் குறைந்தது என்று கேட்டால் சிரிப்பு அடங்கிவிடும்.

இரண்டாவது குளிர்காலத்தில் நான் இந்த வண்டியோடு ஒத்துப்போகக் கற்றுக்கொண்டேன். இங்கே வண்டிகளின் முகப்பில் மூக்கணாங்கயிறு மாதிரி ஒரு வயர் தொங்கும். பிளாக் ஹீட்டருக்கான பிளக் அது. ராத்திரி முழுக்கச் செருகி வைக்க வேண்டியதில்லை. டைமர் வைத்து விடியற்காலை மூன்று மணி நேரம் ஓடினால் எஞ்சினுக்குப் போதும். 22 நிமிடம் 11 ஆகிவிட்டது. முதல் சில நிமிடங்கள் ஃபேனைக் குறைவாக வைத்து, சூடு வந்த பிறகே ஏற்றுகிறேன். காற்று உள்ளேயே சுற்றும் பொத்தானைத் தொடுவதில்லை. மூச்சின் ஈரத்தை அது வெளியே விடாது. ஈரத்தை உறிஞ்ச வேண்டிய ஏசி கம்ப்ரஸரும் இந்தக் குளிரில் ஓடாது. வறண்ட வெளிக்காற்றுதான் மருந்து. ஏறும்போது பூட்ஸ் இரண்டையும் ஒன்றோடொன்று தட்டிப் பனியை உதறிவிட்டே காலை உள்ளே வைக்கிறேன். இது பழகிய பின் உள்பனி பாதியாகக் குறைந்தது. வெந்நீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். கண்ணாடி விரிசல் விட்டால் ஹீட்டர் பிரச்சினையே மறந்துபோகும்.

வாங்கலாமா என்றால், டொரன்டோ, வான்கூவர் பக்கம் இருப்பவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். வின்னிபெக், சஸ்கட்டூன், எட்மன்டன்காரர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். டெஸ்ட் டிரைவை ஜனவரிக் காலையில் வைத்துக்கொண்டு, முந்தின ராத்திரி வண்டியைப் பிளக் போடாமல் வெளியே விட்டுவைக்கச் சொல்லுங்கள். காலையில் போய்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உள்ளே உட்காருங்கள். ஓட்டிப் பார்ப்பது அப்புறம்.

போன வாரம் அண்ணை தன் பழைய செடானைக் கொடுத்துவிடப்போவதாகச் சொன்னார். கண் மங்குகிறதாம், இனி மகள் வீட்டோடு இருக்கப்போகிறாராம். விலை கேட்டுவிட்டு வந்திருக்கிறேன். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும் என்று கேட்கவில்லை.