விளையாடப்படாத பொம்மை

கென்னர் நிறுவனம் 1979இல் தபாலில் தருவதாக அறிவித்த 'ஸ்டார் வார்ஸ்' போபா ஃபெட் பொம்மையை நான் ஒரு பிரதியாகவே வாசிக்கிறேன். மூன்றேமுக்கால் அங்குல பிளாஸ்டிக். முதுகில் ஸ்பிரிங் விசையில் பாயும் ஏவுகணை. அதற்குள் வேறொரு கம்பெனியின் 'பாட்டில்ஸ்டார் கலாக்டிகா' பொம்மை ஏவுகணை தொண்டையில் சிக்கி ஒரு சிறுவன் செத்துப்போனான். கென்னர் ஏவுகணையை அசையாதபடி ஒட்டி அனுப்பியது. பாயும் ஏவுகணையோடு மிஞ்சியவை மாதிரிகள் மட்டும். அதிலொன்று 2024இல் 5,25,000 டாலருக்கு ஏலம் போனது.

அரிதாம். சரி, எதனால அரிது? எந்தக் குழந்தை கையும் படாததால். பயன்மதிப்பு போய்ப் பரிவர்த்தனை மதிப்பு மிஞ்சியது என்று மார்க்ஸை இழுத்துச் சொல்லிவிடலாம். எனக்கு அது போதவில்லை. அந்த விலைக்குள் ஒரு மரணம் இருக்கிறது, சேகரிப்பாளர் பேச்சில் அது வெறும் பின்கதை. பொம்மையாக மதிப்பிடச் சொன்னால், ஒட்டிய ஏவுகணையோடு வந்து, பெயிண்ட் உதிர்ந்து தேஞ்சுபோனதைத்தான் சொல்வேன்.