பிரெஞ்சு டோஸ்ட்

சினிமாப் பைத்தியங்களிடம் 'ஆர்டினரி பீப்பிள்' என்று சொல்லிப் பாருங்கள். எகிறுவார்கள். ஸ்கார்செஸியின் 'ரேஜிங் புல்'லைத் தள்ளிவிட்டு 1981-ல் சிறந்த படத்துக்கான ஆஸ்கரைத் தட்டிக்கொண்டு போன படம். 2025-ல் காலமான ராபர்ட் ரெட்ஃபோர்டு டைரக்ட் செய்த முதல் படம், அவருக்கும் ஆஸ்கர். குத்துச்சண்டைக்காரனைக் குடும்பக் கதை ஜெயித்தது அநியாயம் என்பது அவர்கள் கட்சி. இருக்கட்டும். வீட்டில் பதினாறு, பதினேழு வயதில் பிள்ளை இருந்தால் நீங்கள் இதைப் பாருங்கள்.

சிகாகோவை ஒட்டிய லேக் ஃபாரஸ்ட் என்ற பணக்கார ஊர். அப்பா வரி வக்கீல். ஏரியில் படகு கவிழ்ந்து மூத்த பையன் பக் போய்விடுகிறான். பிழைத்தவன் இளையவன் கான்ராட். அப்புறம் அவன் தன் உயிரைப் போக்கிக்கொள்ளப் பார்த்து, நாலு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்து, வீடு திரும்பியிருக்கிறான்.

படம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. நம் சினிமாவில் தற்கொலை முயற்சி என்றால் இடைவேளைக்கு ஆகும், இல்லை கிளைமாக்ஸுக்கு ஆகும். அதற்குப் பிறகு அந்த வீட்டில் காலை டிபன் எப்படி நடக்கும் என்று யார் காட்டுகிறார்கள்?

ரெட்ஃபோர்டு காட்டுகிறார். பையனுக்குப் பிடிக்குமே என்று அம்மா பெத் பிரெஞ்சு டோஸ்ட் செய்து வைக்கிறாள். பசிக்கலை என்கிறான். அவ்வளவுதான். தட்டை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு போய் ஸிங்க்கில் கொட்டிவிடுகிறாள். அப்பா தடுத்துப் பார்க்கிறார், காரியம் முடிந்துவிட்டது. அடி இல்லை, திட்டு இல்லை. ஆனால் அந்த வீட்டில் என்ன கோளாறு என்று உங்களுக்குப் புரிந்துவிடும்.

அப்பா (டொனால்ட் சதர்லேண்ட்) நல்ல மனுஷன். சாப்பிட்டியா, தூங்கினியா, டாக்டரைப் பார்த்தியா... கேட்க வேண்டியதைத் தவிர மற்றதையெல்லாம் கேட்கிறார். கேட்டால் பழசு ஞாபகம் வந்துவிடுமோ என்ற பயம். நமக்கும் உள்ள பயம்தான். மனநல மருத்துவர்கள் சொல்வது நேர்மாறு. 'சாகணும்னு தோணுதா?' என்று நிதானமாக, நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. சொல்ல ஓர் ஆள் கிடைத்ததே என்று பல பேருக்கு மூச்சு வரும். (கேட்ட பிறகு என்ன செய்வது என்று திகைப்பவர்களுக்கு: 2022-ல் தொடங்கிய அரசின் டெலி மானஸ் 14416, ராத்திரி பகல் எப்போதும், இலவசம்.)

படத்தில் கேட்கிறவர் டாக்டர் பெர்கர். ஆஸ்பத்திரியில் பழக்கமான கேரன் என்ற பெண்ணை கான்ராட் ஒருநாள் சந்திக்கிறான். ரொம்ப உற்சாகமாகப் பேசுகிறாள், எல்லாம் சரியாகிவிட்டது என்கிறாள். பின்னால் அவள் வீட்டுக்கு ஃபோன் போட்டால், தற்கொலை செய்துகொண்டாளாம். நல்லாத்தானே இருந்தா! பையன் ஆடிப்போய் ராத்திரியோடு ராத்திரியாக பெர்கரிடம் ஓடுகிறான். அங்கேதான் வெளியே வருகிறது, இத்தனை நாள் அவனை அரித்தது: அண்ணன் பிடியை விட்டான், நான் படகைப் பிடித்துக்கொண்டேன். பிழைத்ததுதான் அவன் செய்த குற்றம்.

ஒரு புகார் உண்டு. பையன் டாக்டரிடம் போகிறான். அப்பாவும் ஒருநாள் போகிறார். பெத் வரமாட்டேன் என்கிறாள், படமும் சரி போ என்று அவளை விட்டுவிடுகிறது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் அவளும்தானே? இத்தனைக்கும் டி.வி. காமெடியில் அமெரிக்காவையே சிரிக்கவைத்த மேரி டைலர் மூர் கையில் இருக்கிறார். ஒரு காட்சியில் செத்துப்போன பையனின் அறையில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள், கான்ராட் எட்டிப்பார்த்ததும் தூக்கிவாரிப்போடுகிறது. உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டு விடுகிறாள். அங்கே இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம் ரெட்ஃபோர்டு.

கடைசிப் பகுதியில், ஊருக்குப் போய் வந்த அம்மாவை கான்ராட் கிட்டே வந்து கட்டிக்கொள்கிறான். அவள் மரமாக உட்கார்ந்திருக்கிறாள். கண் மட்டும் விரிகிறது. முதல் தடவை பார்த்தபோது எனக்கு அவள்மேல் ஆத்திரமாக வந்தது. இரண்டாவது தடவை, பாவம், கையை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை என்று பட்டது.