வெட்டிய துப்பாக்கியை ஒட்டலாமா?

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ராணுவக் கிடங்குகளில் மிஞ்சிய ரைஃபிள்கள் மலிவு விலைக்கு வெளியே வந்தன. கனடாவில் அப்படிப் பரவலாகக் கைமாறியது லீ-என்ஃபீல்ட் நம்பர் 4. நம்மூர்ப் போலீஸ்காரர்கள் தோளில் பார்த்த ‘த்ரீ நாட் த்ரீ’யின் நெருங்கிய உறவு. டொரண்டோவை ஒட்டிய லாங் பிராஞ்ச் தொழிற்சாலை மட்டுமே 9 லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளியது. மான் வேட்டைக்காரர்கள் இதை வாங்கி, குழலை மூடியிருந்த நீண்ட முன்கட்டையை அறுத்து எடையைக் குறைத்தார்கள். சிலர் குழலையும் வெட்டி, தொலைநோக்கிக்காக ரிசீவரில் (தோட்டா ஏறும் இரும்புக் கூட்டில்) துளையும் போட்டார்கள். ‘ஸ்போர்ட்டர்’ எனப்படும் இந்த மாற்றத்தை பர்மிங்காமின் பார்க்கர்-ஹேல் நிறுவனம் தொழிலாகவே செய்தது. அப்படியொன்று இன்று பேரன் கைக்கு வந்தால், பழைய ராணுவ உருவுக்கு மீட்பதா, அப்படியே விடுவதா?

மரத்தில் மட்டும் கை வைத்திருந்தால் மீட்கலாம் என்பேன். குழல் முழு 25.2 அங்குலம் இருக்க வேண்டும். முனையில் பயனெட் மாட்டும் புடைப்புகள் தேயாமல் இருக்க வேண்டும். தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் போல்ட்டின் எண்ணும் ரிசீவரின் எண்ணும் ஒன்றாக இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் புதுக் கட்டையைத் திருகாணி போட்டு முடுக்கினால் வேலை முடிந்ததாகாது. ரிசீவரோடு சேரும் இடத்தில் மரம் இருபுறமும் சமமாக உட்கார வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தாங்கினால் சுடும்போது கிடைக்கும் உதையில் கட்டை விரிசல் விடும். முனையிலோ, கட்டை குழலைச் சில பவுண்டு விசையோடு மேல்நோக்கித் தாங்க வேண்டும். பொறுமையான கைகள் இரும்பில் புகைக்கரி தடவி, பொருத்தி, கழற்றி, கரி ஒட்டிய இடத்தை மட்டும் சுரண்டும். இதைச் செய்யாத மீட்பில் தோற்றம் திரும்பும், குறி திரும்பாது.

இரும்பை வெட்டியிருந்தால் விட்டுவிடுவதே சரி. பதப்படுத்திய ரிசீவரின் துளையைப் பற்றவைத்து மூடினால் அந்த வெப்பம் எஃகின் பதத்தைக் கெடுக்கும். வெடியழுத்தத்தைத் தாங்கும் பாகத்தை அழகுக்காகப் பலவீனமாக்குவதை என்னால் ஏற்க முடியாது. தவிர, எல்லா ஸ்போர்ட்டரும் சிதைவு ஆகிவிடாது. அமெரிக்க முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 1909இல் ஆப்பிரிக்காவுக்கு எடுத்துச் சென்ற ஸ்பிரிங்ஃபீல்டும் அவருக்கேற்பக் கட்டையும் குறிமுனையும் மாற்றப்பட்ட ராணுவ ரைஃபிள்தான். அதைப் பழைய உருவுக்குத் திருப்ப யாராவது நினைப்பார்களா?

மீட்பு முயற்சியின் பெரிய குறை வேறிடத்தில் இருக்கிறது. அசல் கட்டைக்கும், அதைக் குழலோடு பிடிக்கும் வளையங்களுக்கும் எங்கே போவது? முழுதாக இருக்கும் இன்னொரு துப்பாக்கியைப் பிரித்துத்தான் பல நேரம் அவை சந்தைக்கு வருகின்றன. ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றை அழிப்பது மீட்பு ஆகாது.

அடுத்தது ஏமாற்று. ‘ஜங்கிள் கார்பைன்’ எனப்படும் நம்பர் 5க்குக் கிராக்கி ஏறியதும், நம்பர் 4ஐ வெட்டி அதுபோல் ஆக்கி விற்றவர்கள் உண்டு. கட்டையைக் கழற்றினால் குட்டு வெளிப்படும்: அசலில் எடை குறைக்கக் குழலின் அடிப்பகுதியில் உலோகத்தைக் கடைந்து எடுத்திருப்பார்கள், போலியில் அது இருக்காது. நேர்மையாக மீட்டவருடைய துப்பாக்கியும் நாலு கை மாறினால் ‘அசல்’ என்ற பெயரில் விலை போய்விடும். பின்கட்டைக்குள் எண்ணெய்ச் சீசா வைக்க ஒரு குழி இருக்கிறது. எந்தப் பாகம் பழையது, எது பின்னால் வந்தது, எந்த ஆண்டு மாற்றியது என்று ஒரு தாளில் எழுதி அதற்குள் சுருட்டி வைப்பதையும் மீட்பு வேலையின் பகுதியாகவே கருத வேண்டும்.